சுணைக்குப் போட்ட மாத்திரை

அறுவடை மெஷின் வயலில் இறங்கிய அன்றே அமிர்தலிங்கத்துக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. வருஷா வருஷம் வருவதுதான். நெல் சுணை காற்றில் பறந்தால் அவருக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும், கண் எரியும், கழுத்தெல்லாம் தடித்துப் போகும். ஆனால் இந்தத் தை மாதம் பனியும் சேர்ந்துகொண்டது. அறுத்த நெல்லைக் களத்தில் குவித்துவிட்டு, கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை அதன் பக்கத்திலேயே படுத்துக் காவல் காத்தார். சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலித்தது.

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே அவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், குத்தகைக்குக் கொஞ்சம். ஒரு டிராக்டரும் டிரெய்லரும் உண்டு. ஒரே மகள் குந்தவை திருச்சியில் படிக்கிறாள். ஒரு காலத்தில் அமிர்தலிங்கம் நன்றாகக் குடிப்பார். வரப்பில் விழுந்து கிடந்தவரை ஊரார் தூக்கி வந்து போட்டிருக்கிறார்கள். ஒருமுறை பள்ளிக்கூட வாசலில் மகள் அவரைப் பார்த்துவிட்டு, தோழிகளோடு திரும்பி வேறு வழியாகப் போனாள். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஊர் அதை நம்புவதற்கு வெகுகாலம் பிடித்தது. மனைவி பிரகதாம்பாள் சமீபத்தில்தான் அவர் வீடு திரும்பும்போது வாடை பார்க்க முகத்தருகே வந்து நின்று பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

முறை வருவதற்கு முந்தின நாள் பொழுது சாய, களத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்த பிரகதாம்பாள் அவருடைய கழுத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இப்படித் தடிச்சிருக்கு? இந்தாங்க, எனக்குக் கையரிப்புக்குக் குடுத்த மாத்திரை. ஒண்ணு போடுங்க, அடங்கிடும்."

போட்டுக்கொண்டார். அரிப்பு அடங்கியது. மறுநாள் எழுந்தபோது தலை கனத்தது. தும்மல் நிற்கவில்லை. டீ குடிக்கப் போன இடத்தில் ஜலதோஷ மாத்திரை தொங்கியது. ஒன்றைக் கிழித்து டீயோடு விழுங்கினார். அதை அவர் மருந்து என்றே நினைக்கவில்லை. வெற்றிலை பாக்கோடு, ஷாம்பு பாக்கெட்டோடு தொங்குகிற ஒன்று, அவ்வளவுதான்.

அன்றுதான் கொள்முதல் நிலையத்தில் அவர் முறை. வானம் மூட்டமாக இருந்தது. ஒரு மழை பெய்தால் நெல்லில் ஈரம் ஏறிவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூட்டை ஏற்ற ஆள் வருவதற்குள் சாக்குத் தைக்கும் சணலும் தனக்கு ஏதாவது மருந்தும் வாங்கிவரலாம் என்று பைக்கில் கடைத்தெருவுக்குப் போனார்.

அப்துல் மஜீது அங்கே பல வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறார். அமிர்தலிங்கத்தை நன்றாகத் தெரியும்.

"பாய், இருமல் தாங்கல. உடம்பு வலி வேற. நல்லதா ஏதாவது குடுங்க."

"காய்ச்சல் இருக்காண்ணே?"

"லேசா."

"வேற ஏதாவது மாத்திரை போட்டிருக்கீங்களா, நேத்து, இன்னிக்கி?"

"இல்ல பாய். குடுங்க சீக்கிரம், ஆள் வந்து நிக்கிது."

மஜீது இருமல் மருந்து ஒன்றும் வலிக்கு மாத்திரையும் எடுத்து வைத்தார். "இந்த மருந்து தூக்கம் வரும். ராத்திரி குடிச்சிட்டுப் படுத்துடுங்க. வண்டி கிண்டி ஓட்டாதீங்க. மாத்திரை சாப்பாட்டுக்குப் பின்னாடி ஒண்ணு."

"சரி சரி" என்று அமிர்தலிங்கம் வாங்கிக்கொண்டார். அந்தச் சமயம் அவர் கண் ரோட்டில் இருந்தது. எதிர்க்கடையில் சணல் தீர்ந்துவிடுமோ என்ற கவலை. மஜீது சொன்னது காதில் விழுந்தது. அதற்கு மேல் உள்ளே போகவில்லை.

களத்துக்கு வந்ததும் வலி மாத்திரையைப் போட்டார். இருமல் மருந்தை மூடியில் ஊற்றாமல் பாட்டிலோடு ஒரு வாய் குடித்தார். இருமல் சட்டென்று தணிந்தது. மூட்டை ஏற்றி முடிப்பதற்குள் உடம்பு வலிகூடக் குறைந்ததுபோல் இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

மூட்டைகளை ஏற்றியவர்களில் ராஜாத்தி ஒருத்தி. தெற்குத் தெருக்காரி. நடவு, களையெடுப்பு, களத்து வேலை எல்லாவற்றுக்கும் அமிர்தலிங்கம் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார். அவள் புருஷன் குடித்துக் குடித்தே செத்துப்போனான். இரண்டு பெண் பிள்ளைகளை அவள் ஒருத்தியே ஆளாக்கினாள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். கொள்முதல் நிலையத்தில் மூட்டையைக் கொட்டித் தூற்றும்போது சிந்துகிற நெல்லைக் கூட்டி அள்ளுவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

"நான் நடந்து வந்துடறேங்க ஐயா" என்றாள் ராஜாத்தி.

"நடந்து எப்ப வந்து சேருவ? மழை வந்துடும். ஏறிக்க மேல."

அவள் டிராக்டரில் உட்கார்ந்திருந்த அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, டிரெய்லரில் மூட்டைகளின் மேல் முன்பக்கமாக ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மேட்டூர் அணை மூடியிருந்ததால் வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர்தான். கரை மேல் போகும் மண்பாதை அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். டிராக்டர் ஒரே சீராக உறுமிக்கொண்டு போனது. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. இமை தானாக இறங்கியது. தலையை உதறிக்கொண்டார். பின்னாலிருந்து ராஜாத்தி, "ஐயா, வண்டி ஓரமாப் போவுது" என்று கத்தியது கேட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினார். மறுபடி அவள் கூப்பிட்டபோது, அந்தக் குரல் எங்கோ அடுத்த ஊரில் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது.

இடதுபக்கச் சக்கரம் கரையிலிருந்து இறங்கியது. டிரெய்லர் சாய்ந்து, மூட்டைகள் சரிந்து, ராஜாத்தி அவற்றுக்கு முன்னால் விழுந்தாள். அவள் இடுப்பின் மேல் நெல் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அமிர்தலிங்கம் தூக்கியெறியப்பட்டு நெற்றி கிழிந்து சேற்றில் கிடந்தார்.

பக்கத்து வயலில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். சிலர் மூட்டைகளைப் புரட்டப் போனார்கள். ஒருவர் அமிர்தலிங்கத்தைத் தூக்கி நிறுத்தி, முதல் வேலையாக அவர் வாயை மோந்து பார்த்தார்.

"ஏதோ வாடை அடிக்குதுப்பா. ஆரம்பிச்சிட்டான்யா மறுபடியும்."

அது இருமல் மருந்தின் வாடை. சொல்வதற்கு வாயைத் திறந்தார் அமிர்தலிங்கம். நாக்கு குழறியது. அதோடு அவர் குடித்திருந்தார் என்பது ஊரில் முடிவாகிவிட்டது.

இருவரையும் ஒரே ஆம்புலன்சில் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ராஜாத்திக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது, தொடையெலும்பும். அமிர்தலிங்கத்துக்கு நெற்றியில் தையல் மட்டும். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிரகதாம்பாள் வந்து கட்டிலருகே நின்றாள். அழவில்லை. கிட்டே குனிந்து, பழையபடி, அவர் மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எங்க வாங்கினீங்க?"

"நான் குடிக்கல பிரகதா."

"குந்தவைக்கு என்னன்னு சொல்லட்டும்?"

"குடிக்கலன்னு சொல்லு."

அவள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் குடிக்கவில்லை என்று கண்டுபிடித்தவர் வார்டு டாக்டர். இளம்பெண். ரத்தத்தில் மது இல்லை என்ற முடிவு வந்ததும், அமிர்தலிங்கம் இன்னும் கண்ணைத் திறக்க முடியாமல் கிடப்பதைப் பார்த்து, என்னென்ன மாத்திரை போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அமிர்தலிங்கம் கடையில் வாங்கியதை மட்டும் சொன்னார். டாக்டர் விடவில்லை. அரிப்புக்கு? ஜலதோஷத்துக்கு? வேறு யாராவது கொடுத்தது? அப்போதுதான் மனைவி கொடுத்ததும் டீக்கடையில் வாங்கியதும் வெளியே வந்தன.

"ஏங்க, இதுல மூணுல தூக்கம் வர்ற மருந்து இருக்கு" என்றார் டாக்டர். "அரிப்பு மாத்திரை மறுநாள் வரைக்கும் உடம்புல நிக்கும். அதுக்கு மேல ஜலதோஷ மாத்திரை, அதுலயும் அதே ஜாதி மருந்து. அதுக்கு மேல இருமல் மருந்து. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு. காய்ச்சல் மருந்தும் ரெண்டு தடவை உள்ள போயிருக்கு, ஜலதோஷ மாத்திரையில ஒண்ணு, வலி மாத்திரையில ஒண்ணு. முன்னாடி குடிச்சிருக்கீங்கல்ல? இதையே ஒரு வாரம் போட்டிருந்தா ஈரல் போயிருக்கும்."

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வியாதிக்குத்தானுங்களே போட்டேன்."

"அட்டையில பெருசா இருக்கற பேரு வேற வேறதான். கீழ சின்னதா மருந்துப் பேரு போட்டிருக்கும். அது ஒண்ணா இருக்கான்னு பாக்கணும். படிக்க வரலன்னா கடையில எல்லாத்தையும் காட்டிக் கேக்கணும். கேட்டீங்களா?"

மஜீதே கேட்டிருந்தார். இல்லை என்று சொன்னவர் அமிர்தலிங்கம்தான்.

குடிக்கவில்லை என்ற செய்தி பிரகதாம்பாளை எட்டியபோது அவள் முகம் தெளியும் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அரிப்பு மாத்திரை நான் குடுத்தேன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

ராஜாத்தி பெண்கள் வார்டில் கிடந்தாள். அவள் தம்பி இளையபெருமாள் தஞ்சாவூரில் லோடு ஆட்டோ ஓட்டுபவன். ஏட்டு வாக்குமூலம் வாங்க வரும் முன் அவன் அக்காவிடம் சொல்லிவைத்தான்: "குடிச்சிட்டு ஓட்டினாருன்னு சொல்லு. ஊரே பாத்திருக்கு. அப்பதான் கேஸ் நிக்கும். இல்லன்னா ஏதோ கைத்தவறுன்னு முடிச்சிடுவானுங்க."

ஏட்டு வந்தார். கேட்டார். ராஜாத்தி மல்லாக்கப் படுத்தபடியே சொன்னாள்.

"குடிக்கல சார். குடிச்சவங்க வண்டியில நான் ஏற மாட்டேன். என் வீட்டுக்காரர வச்சிக் காலம் தள்ளுனவ நான், மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியும். அவருக்குத் தூக்கம். ரெண்டு தரம் கூப்பிட்டேன், முழிச்சிக்கல."

"நீயா ஏறினியா, ஏறச் சொன்னாரா?"

"நடந்து வரேன்னுதான் சொன்னேன். மழை வரும், ஏறிக்கன்னாரு."

இளையபெருமாள் அன்று கோபித்துக்கொண்டு போனவன் இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. வார்டில் ராஜாத்திக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது அவளுடைய சின்ன மகள்.

அவள் இப்படிச் சொன்னாள் என்பது அமிர்தலிங்கத்தின் காதுக்கு வந்தது. ஊரில் ஒருத்தராவது சொன்னார்களே என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டார். பெண்கள் வார்டு வாசல்வரை போனார். உள்ளே அவளுடைய கால் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. போய் நின்று என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பியதும் அவர் போன முதல் இடம் மஜீதின் கடை. கடையில் கூட்டம் இருந்தது. அவர்களுக்குக் கேட்கட்டும் என்றே அவர் சத்தமாகப் பேசினார்.

"என்ன மருந்து பாய் குடுத்தீங்க? ஒரு பொம்பள இடுப்பொடிஞ்சி கிடக்கா. ஊரே என்னைக் குடிகாரன்னு சொல்லுது."

மஜீது கையில் இருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். "வேற ஏதாவது போட்டிருக்கீங்களான்னு கேட்டேனா இல்லையாண்ணே?"

"கேட்டீங்க."

"என்ன சொன்னீங்க?"

அமிர்தலிங்கம் கடை வாசலைப் பார்த்தார்.

"வண்டி ஓட்டாதீங்கன்னும் சொன்னேன். இத்தனை பேர் இருக்காங்க, நான் சொல்லலன்னு நீங்க சொல்லுங்க, நாளையிலேர்ந்து கடையைத் திறக்கல." குரலை உயர்த்தாமலே சொன்னார். பிறகு அடுத்தவருக்கு மருந்து எடுக்கத் திரும்பிக்கொண்டார்.

அமிர்தலிங்கம் வெளியே வந்து பைக்கை எடுத்தார். அவ்வளவு பேர் முன்னால் தலைகுனிய வைத்தானே என்றுதான் அப்போது தோன்றியது. மஜீது சொன்னது சரி என்பதும் தெரிந்திருந்தது. அதனால் ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டார். மாத்திரைக் கதையைக் கேட்டதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இத வெளிய எடுக்காதீங்க. கடைக்காரர் எச்சரிச்சிருக்கார். அதையும் மீறி ஓட்டினீங்கன்னா தெரிஞ்சே செஞ்சதா ஆயிடும். குடி இல்லன்னு ரிப்போர்ட் இருக்கு, அது போதும். தூங்கினதா எங்கயும் சொல்ல வேணாம். கரை மண்ணு சரிஞ்சது, சக்கரம் இறங்கிச்சு."

"அந்தம்மா சொல்லியிருக்காங்களே."

"மூட்டை மேல உக்காந்திருந்தவங்களுக்கு உங்க முகம் எப்படித் தெரியும்? முதுகுதான தெரியும். இன்னொண்ணு. டிரெய்லர்ல ஆள் ஏத்தக் கூடாது. இன்சூரன்ஸ்காரன் அத வச்சே கழண்டுக்குவான், எல்லாம் உங்க தலையில விழும். அதனால நீங்க ஏறச் சொல்லல. அவங்களா பின்னால ஏறியிருக்காங்க, நீங்க கவனிக்கல. புரியுதா?"

அமிர்தலிங்கம் ஒரு வாரம் யோசித்தார். யோசித்தார் என்பதைவிட, யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று காத்திருந்தார் என்பதுதான் சரி. பிரகதாம்பாள் சொல்லவில்லை.

"நஷ்டஈட்டுக்கு நிலத்தை வித்துக் குடுக்கணும்னா குத்தகை மட்டும்தான் மிஞ்சும்" என்றாள். "குந்தவை படிப்பு முடியல. அவளுக்கு ஒரு இடம் பாக்கணும். வக்கீல் சொல்றபடி கேளுங்க. ராஜாத்திக்கு நம்மால ஆனத நாம தனியா செய்வோம்."

குந்தவை போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீங்க ஏறச் சொன்னீங்களாப்பா?"

"வக்கீல் சொல்றாரும்மா..."

"வக்கீல் சொல்றத நான் கேக்கல." அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

வக்கீல் எழுதியதில் அமிர்தலிங்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ராஜாத்தி வீட்டுக்கு வந்தபோது வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. குறுவை நடவுக்கு ஆள் கிடைக்காமல் எல்லோரும் அலைந்துகொண்டிருந்தார்கள். கம்பி வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவளால் கொல்லை வரை போய் வர முடியும். குனிய முடியாது. இனி நடவுக்கோ களையெடுப்புக்கோ போக முடியாது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். சின்ன மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சிங் சேர இருந்தவள், திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

அமிர்தலிங்கம் ஒரு மூட்டை அரிசியைப் பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போனார். இளையபெருமாள் வாசலில் இருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து வழியை மறித்து நின்றான். உள்ளேயிருந்து ராஜாத்தி, "விடுடா, வரட்டும்" என்றாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள்.

"எப்படி இருக்க ராஜாத்தி?"

"இருக்கேங்க."

அவர் அங்கே வரும் வழியில் என்னென்னவோ தயார் செய்திருந்தார். அதில் ஒன்றைச் சொன்னார். "எனக்கு அன்னிக்கி என்ன நடந்துச்சுன்னே தெரியல. மாத்திரை எல்லாம் ஒண்ணா சேந்து அமுக்கிடுச்சின்னு டாக்டர் சொன்னாங்க. உள்ள என்ன இருக்குன்னு நமக்கு என்ன தெரியும்."

"கேள்விப்பட்டேங்க. சளி புடிச்சா யாரும் போடறதுதான். எனக்கு அதுல உங்க மேல வருத்தம் இல்ல." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அதான் ஏட்டு கேட்டப்ப குடிக்கலன்னு சொன்னேன். எந்தம்பிகிட்ட பேச்சு வாங்கிக்கிட்டு சொன்னேன்."

"தெரியும். உன்னை மறக்க மாட்டேன்."

"தூங்கினது மாத்திரையில ஐயா. என்னை ஏறச் சொல்லலன்னு எழுதிக் குடுத்தீங்களே, அது எந்த மாத்திரையில?"

வெளியே இளையபெருமாள் செல்போனில் யாரிடமோ ஆட்டோ வாடகை பேசிக்கொண்டிருந்தான். அமிர்தலிங்கம் வக்கீல், நிலம், மகள் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

"அரிசியை எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள் ராஜாத்தி. "ரேஷன்ல போடறாங்க. எங்களுக்கு அது போதும்."

வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா வாய்தாவாகப் போகிறது. இன்சூரன்ஸ் கம்பெனி, அந்தம்மா தானாக ஏறியவர், அதனால் பொறுப்பில்லை என்று அமிர்தலிங்கத்தின் வாக்குமூலத்தையே காட்டி எழுதிக் கொடுத்திருக்கிறது. ராஜாத்தி கோர்ட்டுக்கு வருகிற நாட்களில் இளையபெருமாள் ஆட்டோவில் மெத்தை விரித்துப் படுக்கவைத்துக் கூட்டிவருகிறான். அமிர்தலிங்கமும் அவளும் ஒரே வேப்பமரத்தடியில், ஆளுக்கொரு பக்கமாகக் காத்திருக்கிறார்கள்.

குந்தவை படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அம்மாவோடு மட்டும் பேசுகிறாள்.

டிராக்டரை இப்போது சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டுகிறார்கள். கரை சரிந்தது என்று கோர்ட்டில் எழுதியிருப்பதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. பரிசோதனைச் சீட்டையும் நம்பவில்லை. அன்றைக்குக் குடித்துவிட்டுத்தான் ஓட்டினான், பணம் கொடுத்து ரிப்போர்ட்டை மாற்றிவிட்டான் என்று டீக்கடையில் அவர் காதுபடவே சொல்கிறார்கள். ஆரம்பத்தில் அவர் சண்டைக்குப் போவார். இப்போது மறுப்பதில்லை. குடிதான் காரணம் என்றால் அதற்கு மேல், அவளை யார் ஏறச் சொன்னது என்று யாரும் கேட்பதில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்.